திரைச்சீலையில் 24 அங்குலத்துக்கு ஒருமுறை வரும் மெல்லிய கோடு

உங்கள் திரைச்சீலையில் 24 அங்குலத்துக்கு ஒருமுறை வரும் கருங்கோடு என்ன, துணி விளிம்பில் பாதி அழிந்திருக்கும் பெயர் அமெரிக்கத் துணி வடிவமைப்பாளர் ஆஞ்செலோ டெஸ்டாவுடையதா என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கோடு கறையுமல்ல, நெசவுக் குறையுமல்ல. அச்சுச் சட்டத்தை, அதாவது மை இறங்கும் வலைத்திரை கட்டிய சட்டத்தை, அடுத்த இடத்துக்கு நகர்த்தி வைத்தபோது, மை நூலிழை அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இணைப்பு அது. தயவுசெய்து அதைத் துவைத்துப் போக்க முயல வேண்டாம்.

இப்படி வலைத்திரை வழியே கையால் அச்சிடுபவர்கள் நீண்ட மேசையில் துணியை விரித்து, ஈர மை கலைந்துவிடாதபடி முதலில் ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டமாக அச்சிட்டு, அது காய்ந்தபின் இடைவெளிகளை நிரப்புவார்கள். அந்த இரண்டாம் சுற்றில்தான் கட்டங்களின் ஓரங்கள் சற்றே மோதிக்கொள்கின்றன. எனக்கு இந்தத் துணிகளில் மிகவும் பிடித்த இடமே அதுதான். கை நின்ற இடம் அங்கே தெரிகிறது.

கை அச்சுதானா என்று உறுதி செய்ய, எஃகு அளவுகோலால் ஆறேழு இணைப்புகளின் இடைவெளியை அளந்து பாருங்கள். இரண்டொரு மில்லிமீட்டர் கூடியும் குறைந்தும் வந்தால் கை அச்சாகவே இருக்க வாய்ப்பு அதிகம். எல்லாம் இம்மி பிசகாமல் ஒன்றாக இருந்தால், துணியையோ சட்டத்தையோ இயந்திரமே நகர்த்திய தட்டைத்திரை அச்சாக (தட்டையான சட்டத்தால் அச்சிட்டதாக) இருக்கலாம். சுழலும் உருளையால் இடைவிடாது அச்சிடும் உருளை அச்சில் இத்தகைய இணைப்பே வராது.

ஆனால் இதை மட்டும் வைத்து, விளிம்பில் பாதி அழிந்திருக்கும் பெயர் ஆஞ்செலோ டெஸ்டாதான் என்று முடிவுகட்ட இயலாது. 1947இல் சிகாகோவில் தம் நிறுவனத்தைத் தொடங்கிய அவர், அறைகலன், துணி நிறுவனமான நோல் போன்ற பிற நிறுவனங்களுக்கும் வடிவமைத்தார். விளிம்பெழுத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்து இடுங்கள்.