அம்பாசிடரா, மாருதி 800-ஆ? பழைய கார் கேள்வி பதில்

அண்ணே, ஞாயிற்றுக்கிழமை ஓட்ட ஒரு பழைய கார் வேண்டும். இந்த இரண்டில் எது?

இரண்டின் தயாரிப்பும் 2014-ல்தான் நின்றது. அதை வைத்து ஒரே காலத்து வண்டிகள் என்று நினைத்துவிடாதீர்கள். அம்பாசிடர் என்பது 1950களின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற பிரிட்டிஷ் கார். மேற்கு வங்கத்து உத்தரபாரா தொழிற்சாலையில் கடைசிவரை அந்த உருவத்தை விடவில்லை. மாருதி 1983 டிசம்பரில் குர்கானிலிருந்து வந்த சுசுகி. 796 சிசி, மூன்று சிலிண்டர், முன்சக்கரம் இழுக்கும், சின்னச் சந்திலும் திரும்பிவிடும். தினமும் ஓட்டுவதென்றால் யோசிக்காமல் மாருதி என்பேன். ஞாயிறு மட்டும், அதுவும் குடும்பத்தோடு என்றால் அம்பாசிடர். அந்தப் பின்சீட்டுக்கு மாருதியில் பதில் கிடையாது.

அம்பாசிடருக்கு லாரி மாதிரி தனி சேஸி, அதாவது அடிச்சட்டம், உண்டாமே? துரு பிடித்தாலும் பயமில்லை என்கிறார்கள்.

விற்கிறவர் சொல்லியிருப்பார். தனி சேஸி எல்லாம் கிடையாது, பாடியேதான் பாரத்தைத் தாங்குகிறது. தகடு தடிமன், அவ்வளவுதான். வண்டியைத் தூக்கி, மிதியடியை உரித்து, தரைத்தகடு, கதவுக்குக் கீழே உள்ள விளிம்பு, பின் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மாட்டியிருக்கும் இடம் எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள். புது பெயிண்ட் பளபளத்தால் இன்னும் கூடுதல் சந்தேகம் வரட்டும். மாருதிக்கும் இதே சோதனைதான். அதன் தகடு மெலிசு, சீக்கிரம் ஓட்டை விழும். இன்ஜினைப் பிரித்துக் கட்டிவிடலாம். உளுத்த பாடிக்கு டிங்கரிங் செலவு வண்டி விலையைத் தாண்டும்.

அம்பாசிடரில் ஸ்டீயரிங் பக்கத்திலேயே இருக்கும் கியர் எனக்குப் பழக்கமில்லை சார்.

அப்படியானால் 1990களில் வந்த 1.8 லிட்டர் இசுசு இன்ஜின் அம்பாசிடரைத் தேடுங்கள். தரையில் ஐந்து கியர். பழைய 1489 சிசியைவிட நன்றாக இழுக்கும். பழமை விரும்பிகள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

மாருதி வாங்கியதும் முதலில் என்ன மாற்ற வேண்டும்?

டைமிங் பெல்ட், அதாவது இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் பெல்ட். எப்போது மாற்றியது என்று பில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பெட்ரோல் ஹோஸ்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கெடுக்கும். கார்புரேட்டர் வண்டி எதுவானாலும், அம்பாசிடர் உட்பட, இதைச் செய்துவிடுங்கள்.

15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி.?

ஆய்வுக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும், ஐந்து வருடத்துக்குச் செல்லும். அது முடியாமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.