கணவாய்த் தூண்டில்: புதியவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

கரையில் நின்று தூண்டிலால் கணவாய் பிடிப்பது பற்றி மட்டும் கேளுங்கள். படகும் வலையும் என் துறை அல்ல. தொடங்குமுன் ஒரு வேண்டுகோள்: வீசும்போது கண்ணாடி அணியுங்கள், இரவானால் நிறமற்ற கண்ணாடி. ஊசிகள் நிறைந்த ஜிக் (கணவாய்க்கான செயற்கை இரை) எந்த நேரமும் முகத்தை நோக்கித் திரும்பி வரலாம்.

புதியவன்: வணக்கம் அண்ணா. மீன் தூண்டில் ஓரளவு பழக்கம். கணவாய்க்கு எங்கிருந்து தொடங்குவது?

மீன் பிடித்த பழக்கத்தில் பாதியை மறப்பதிலிருந்து தொடங்குங்கள். மீன் இரையைக் கவ்வும், கணவாய் அணைத்துக்கொள்ளும். எட்டுக் கைகள் போக நீண்ட கரங்கள் இரண்டு அதற்கு உண்டு. அவற்றை நீட்டி இரையைப் பற்றி, கைகளுக்குள் இழுத்த பிறகுதான் அலகால் கடிக்கும். அதனால்தான் கணவாய் ஜிக்கில் வழக்கமான தூண்டில்முள் இல்லை. வால் முனையில் மேல்நோக்கிய ஊசிகள் கிரீடம் போல நிற்கும், அவற்றில் எதிர்முள்ளும் (சிக்கியது நழுவாமல் தடுக்கும் பின்னோக்கிய கூர்) கிடையாது.

இறால் வடிவிலான இந்த ஜிக்கை ஜப்பானில் 'எகி' என்பார்கள். 'இரை மரம்' என்று பொருள். மரத்தில் செதுக்கிய காலத்துப் பெயர். அளவு எண்ணும் அங்கிருந்து வந்ததே. 3.5 என்றால் 3.5 'சுன்', அதாவது பத்தரை சென்டிமீட்டர். 3.0 ஒன்றும் 3.5 ஒன்றும் போதும். எட்டடிக்குச் சற்று மேற்பட்ட மெல்லிய கோல், 2500 அல்லது 3000 அளவு ரீல், மெல்லிய பின்னல் நூல், அதன் முனையில் ஒன்றரை மீட்டர் ஃபுளோரோகார்பன் லீடர் (ஜிக்கைக் கட்டும் முனை நூல்). வேறு எதுவும் இப்போது வேண்டாம்.

இனிச் சொல்வதுதான் முக்கியம். கணவாய் பெரும்பாலும் ஜிக் விழும்போதுதான் பிடிக்கிறது. கோலை இரண்டு மூன்று முறை மேலே சொடுக்கினால் ஜிக் துள்ளி எழும். அந்தத் துள்ளல் கணவாயைக் கூப்பிடுவதற்கு. பிறகு கையை நிறுத்தி, மூக்கு கீழாக அது மெல்ல இறங்க விடுங்கள். பிடிபடுவது அப்போதுதான். புதியவர்கள் சொடுக்கிக்கொண்டே இருப்பார்கள், விழவிட மனம் வராது.

முதல் வீச்சில் அடிவரை எண்ணுங்கள். 3.5 அளவுள்ள சாதாரண ஜிக் ஒரு மீட்டர் இறங்க ஏறத்தாழ மூன்று விநாடி ஆகும். ஆறு மீட்டர் ஆழமென்றால் பதினெட்டு. எனக்கு முதன்முதலில் இது விளங்கிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. நூல் நீர்ப்பரப்பில் லேசாக வளைந்து கிடந்து, சுருள் சுருளாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. பதினெட்டில் நிற்க வேண்டியது பதினொன்றில் நின்றது. இழுப்பும் இல்லை, அதிர்வும் இல்லை. பாறையோ என்று கோலை உயர்த்தினேன். ஈரத்துணியைத் தூக்கியது போல ஒரு கனம், அடுத்த நொடி ரீல் கிறீச்சிட்டது. ஆகவே விரலை மட்டும் நம்பாதீர்கள், நூலைப் பாருங்கள். முன்னதாக நின்றாலும், பக்கவாட்டில் நகர்ந்தாலும், திடீரென இறுகினாலும் கணவாய்தான்.

நள்ளிரவு: இரண்டு முறை சிக்கி, இழுக்கும்போது நழுவிவிட்டது. முள்ளில் ஒரு துண்டுக் கரம் மட்டும் மிஞ்சியது.

ரீலின் டிராக்கை, அதாவது இழுத்தால் நூலை வெளியே விடும் பிடிப்பை, மிக இறுக்கமாக வைத்திருக்கிறீர்கள். அந்தக் கரத்தின் சதை மெல்லியது, எளிதில் பிய்ந்துவிடும். கையால் நூலை இழுத்தால் சிரமமில்லாமல் வெளிவரும் அளவுக்குத் தளர்த்துங்கள். கணவாய் நீரைப் பீய்ச்சிப் பின்னோக்கி ஓடும்போது சுற்றாதீர்கள். அது நின்றதும் ஒரே சீராகச் சுற்றுங்கள். கோலை ஏற்றி இறக்கி இழுத்தால் நூல் ஒரு கணம் தளரும். எதிர்முள் இல்லாத ஊசியிலிருந்து நழுவ அது போதும். தூக்குவதற்கு வலைக்கரண்டி வைத்துக்கொள்ளுங்கள்.

பாசிமணி: எந்த இடத்தில் வீசுவது, எந்த நேரத்தில்?

விடிவதற்கு முன்னும் பொழுது சாய்ந்த பின்னும். தெளிந்த நீர், அருகில் பாசியும் பாறையும் கலந்த தரை. போன இடத்தில் முதலில் காலடியைப் பாருங்கள். கல்லிலோ சிமெண்டிலோ கறுத்த மைக்கறை இருந்தால் அங்கே யாரோ கணவாய் தூக்கியிருக்கிறார்கள். இரவில் விளக்கொளி விழும் இடமானால் வெளிச்சத்தின் நடுவில் வீசாதீர்கள். கணவாய் இருட்டும் ஒளியும் சந்திக்கும் விளிம்பில், இருட்டுப் பக்கமாக நின்று காத்திருக்கும். இருட்டில் வீசி விளிம்புக்குக் கொண்டுவந்து அங்கே விழவிடுங்கள்.

மழைக்காரன்: பெருமழைக்கு மறுநாள் ஆற்று முகத்துவாரத்தில் போடலாமா?

வேண்டாம். நன்னீர் கலந்த கலங்கல் தண்ணீரைக் கணவாய் தாங்காது, விலகிப் போய்விடும்.

தங்கூசி: எந்த நிற ஜிக் நல்லது?

நிறத்தைப் பற்றி இவ்வளவு கவலை வேண்டாம். பெரும்பாலான கணவாய்களின் கண்ணில் ஒரே வகை ஒளிநிறமிதான் இருக்கிறது. நம் கண்ணைப் போல நிறங்களை ஒப்பிட்டு அறிய இரண்டு வகையாவது வேண்டும்.

தங்கூசி: இதை ஏற்க மாட்டேன் ஐயா. நான் ஆரஞ்சு போட்டு ஐந்து பிடித்தேன், பக்கத்தில் பச்சை போட்டவர் ஒன்றுதான் பிடித்தார். தன் உடலிலேயே அத்தனை நிறம் காட்டும் உயிருக்கு நிறம் தெரியாதா?

நியாயமான கேள்வி. அதன் தோலில் உள்ள நிறப்பைகளை நுண்ணிய தசைகள் இழுத்து விரிக்கின்றன. நரம்புக் கட்டளை வந்த கணத்தில் நிறம் மாறிவிடும். ஆனால் சுற்றுப்புறத்தின் வெளிச்ச அளவையும் கோலத்தையும் பார்த்தே இதைச் செய்ய முடியும், நிறம் தெரிய வேண்டியதில்லை. நமக்குத் தெரியாத ஒன்று அதற்குத் தெரியும்: ஒளி எந்தத் தளத்தில் அதிர்கிறது என்பது. நமக்குக் கண்ணாடி போலத் தோன்றும் சிற்றுயிர்கூட அதனால் அதன் கண்ணுக்குத் தப்புவது கடினம்.

அமாவாசை: மின்மினிக் கணவாய்க்கு மூன்று ஒளிநிறமிகள் உண்டே!

உண்டு, நீங்கள் சொல்வது சரி. ஆழக்கடலில் வாழும், விரல் நீளமே உள்ள, உடல் ஒளிரும் இனம் அது. விதிவிலக்கு. நாம் கரையில் பிடிப்பது அதுவல்ல.

தங்கூசி: அப்படியானால் இத்தனை நிறங்களில் ஜிக் செய்வது ஏன்? என் ஐந்து எப்படி வந்தது?

நிறம் மாறினால் வெளிச்ச அளவும் மாறுகிறது. அது கணவாய்க்கு நன்றாகவே தெரியும். நிலவொளியில் கீழிருந்து பார்த்தால் கருநிற ஜிக் தெளிவான நிழலுருவாகத் தெரியும். மங்கிய நீரில் வெளிர்நிறமோ ஒளிர்வதோ எடுபடும். ஆக வெளிர் ஒன்று, கரு ஒன்று, ஒளிர்வது ஒன்று, போதும். உங்கள் ஐந்துக்கு நான் காணும் காரணம் வேறு. ஆரஞ்சு உங்கள் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஜிக் எங்கே இருக்கிறது என்று பார்த்து, நிறுத்தி, பொறுமையாக விழவிட்டிருப்பீர்கள். பச்சை வைத்திருந்தவருக்கு அந்த வசதி இல்லை. அடுத்த முறை ஜிக்கைக் கைமாற்றிப் பாருங்கள். ஒரே எடை, ஒரே ஆழம், ஆளுக்கு முப்பது வீச்சு. ஒரு மாலையில் தீர்ப்புச் சொல்ல முடியாது, பல மாலைகள் செய்யுங்கள்.

தங்கூசி: செய்கிறேன். ஆனால் ஆரஞ்சைக் கைவிட மாட்டேன்.

கைவிட வேண்டாம். நம்புகிற ஜிக்கை மனிதர் நீரில் அதிக நேரம் வைத்திருப்பார், அது நல்லதுதான்.

கடற்கரையான்: முதல் ஜிக் வாங்கப் போகிறேன், என்ன நிறம் வாங்கலாம்?

மேலே தங்கூசிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

வெண்சங்கு: பின்னாலேயே வருகிறது, பிடிக்கவில்லை. நிறம் மாற்றட்டுமா?

நிறமே வேண்டாம் என்று இப்போதுதான் சொன்னேன். சொடுக்குவதை நிறுத்தி விழவிடுங்கள். அப்போதும் பிடிக்காவிட்டால் மெதுவாக இறங்கும் சிறிய ஜிக்கைப் போடுங்கள்.

முத்து: தூக்கிய பிறகு மை அடிக்கிறது. எப்படிப் பிடிப்பது, எப்படிக் கொல்வது?

கரைக்கு வந்ததும் நீரிலேயே ஒரு நிமிடம் வைத்திருங்கள், பெரும்பாலும் அங்கேயே மையைக் கக்கிவிடும். தலைக்குக் கீழே ஒரு குழாய் தெரியும். மையும் நீரும் வருவது அதன் வழியாக. குழாய் யாரையும் பார்க்காதபடி முதுகுப் பக்கமாகத் தலைக்குப் பின்னால் பிடியுங்கள். கைகளின் நடுவில் அலகு இருக்கிறது, விரலை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

துடிக்க விடாமல் உடனே கொல்வது நம் கடமை. இரு கண்களுக்கு நடுவே கூரிய மெல்லிய கத்தியைச் செலுத்துங்கள். உடல் பக்கம் சாய்த்துக் குத்தினால் செம்பழுப்பாக ஓடிக்கொண்டிருந்த நிறம் அறுந்து உடல் சட்டென வெளுக்கும், கைகள் பக்கம் சாய்த்தால் அவையும் வெளுக்கும். நிறப்பைகளுக்குப் போன கட்டளை நின்றுவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். பிறகு பையில் போட்டுப் பனிக்கட்டிமேல் வையுங்கள், உருகிய நன்னீர் படக்கூடாது.

முத்து: சமைக்கும் முறை?

அது சமையல் தெரிந்தவரிடம் கேட்க வேண்டியது.

இளவேனில்: பாசியில் வெள்ளையாக, விரல் விரலாக ஏதோ ஒட்டியிருந்தது.

கணவாய் முட்டைகள். தொடாதீர்கள். கரையோரத்தில் நாம் அதிகம் பிடிக்கும் அகலத் துடுப்புக் கணவாயின் ஆயுள் ஓர் ஆண்டைக்கூடத் தொடுவதில்லை. முட்டையிட்டபின் தாய் இறந்துவிடும். அந்த வெள்ளை விரல்கள்தான் அடுத்த ஆண்டுக் கணவாய். உள்ளங்கையைவிடச் சிறியது சிக்கினால் திருப்பி விடுங்கள்.

புதியவன்: ஜிக் பாறையில் சிக்கிவிட்டது அண்ணா, எப்படி எடுப்பது?

கோலை வளைத்து இழுக்காதீர்கள். நூலைக் கொஞ்சம் தளரவிட்டு, நின்ற இடத்திலிருந்து பத்தடி பக்கவாட்டில் நகர்ந்து, மெல்லச் சொடுக்குங்கள். கோணம் மாறினால் பல நேரம் விடுபடும். விடுபடாவிட்டால் கோலை நூலுக்கு நேராகத் தாழ்த்தி, தடித்த துணியை நூலில் சுற்றி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு பின்னோக்கி நடங்கள். என் நண்பர் ஒருவர் முகத்துக்கு நேரே இழுத்தார். பட்டென்று விடுபட்டு வந்த ஜிக்கின் ஈயம் அவருடைய கண்ணாடியின் இடப்பக்கத்தில் நட்சத்திரம் போல விரிசல் விட்டது. ஊசிகள் அவர் சட்டைக் காலரில் மாட்டியிருந்தன. துணியை வெட்டித்தான் எடுத்தோம்.