கோடெக் கட்டளையைப் படிப்பது எப்படி? லினக்ஸ் சவுண்ட் கேள்வி பதில்

(இன்டெல் எச்டி ஆடியோ முறையில் இயங்கும் கணினிகளுக்கு மட்டும். கோடெக் என்பது ஒலியைக் கையாளும் சிப். கட்டளை எண்கள் எல்லாம் ஹெக்ஸ், அதாவது 16 அடிமான எண்கள்; டெர்மினலில் தட்டும்போது முன்னால் ஜீரோ, எக்ஸ் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

கேள்வி: கெர்னல் லாக்கில் ரெஸ்பான்ஸ் டைம்அவுட், கடைசிக் கட்டளை 001எஃப்0500 என்று வருகிறது. இது என்ன எண், சார்?

பதில்: 32 பிட் கட்டளை அது. இடமிருந்து பிரியுங்கள். முதல் இலக்கம் 0, கோடெக் முகவரி. அடுத்த இரண்டு 01, நோட், அதாவது கோடெக்கின் உள்ளே ஒரு பகுதியின் எண். அடுத்த மூன்று எஃப்05, வெர்ப், அதாவது என்ன செய்ய வேண்டும் என்ற சொல். மீதி 00, அதற்கான மதிப்பு. எஃப்05 என்றால் "உன் பவர் நிலை என்ன?" என்ற கேள்வி. ஆக, டிரைவர் கேட்டது, கோடெக்கிடமிருந்து பதில் வந்து சேரவில்லை. வால்யூமை நோண்டிப் பயனில்லை. இன்டரப்ட், அதாவது பதில் வந்ததைக் கணினிக்குத் தெரிவிக்கும் சிக்னலில் சிக்கல் இருக்கலாம். எஸ்என்டி-எச்டிஏ-இன்டெல் என்ற சவுண்ட் டிரைவர் மாட்யூலுக்கு எனேபிள் எம்எஸ்ஐ 0 (எம்எஸ்ஐ என்ற இன்டரப்ட் முறையை அணைக்கும் ஆப்ஷன்) என்று கொடுத்து ரீபூட் செய்து பாருங்கள். கட்டளைகளை ஒவ்வொன்றாக அனுப்பும் சிங்கிள் சிஎம்டி ஆப்ஷனை மட்டும் கடைசிவரை தொடாதீர்கள். கோடெக் தானாக அனுப்பும் தகவல் அதில் நின்றுவிடும், ஹெட்போன் செருகினாலும் தெரியாது.

கேள்வி: வெளி மைக்கில் குரல் கேட்கவே கேட்காத அளவுக்கு மெதுவாக இருக்கிறது.

பதில்: ப்ராக் அடைவில் அசவுண்ட், கார்டு0 உள்ளே இருக்கும் கோடெக் கோப்பைத் திறந்து, மைக் பின் (pin, கோடெக்கின் இணைப்பு முனை) எந்த நோட் என்று முதலில் பாருங்கள். 19 என்று வைத்துக்கொள்வோம். அந்த நோட்டின் பின்-கன்ட்ரோல் மதிப்பு 20 என்றிருந்தால் இன்புட் மட்டும் திறந்திருக்கிறது, மைக் இயங்கத் தேவையான பயஸ் (bias) மின்னழுத்தம் போகவில்லை. கண்டென்சர் மைக்குக்கு அது கட்டாயம். எச்டிஏ-வெர்ப் கருவியில் நோட் 19, வெர்ப் 707, மதிப்பு 24 கொடுங்கள். 20 இன்புட்டுக்கு, 4 என்பது 80 சதவீத விரெஃபுக்கு, அதாவது அந்த பயஸ் மின்னழுத்தத்துக்கு.

கேள்வி: அதே 707 கொடுத்தேன், சரியானது. ஸ்லீப் போய் வந்ததும் பழையபடி!

பதில்: கையால் அனுப்பிய வெர்பை டிரைவர் நினைவில் வைப்பதில்லை. விழிக்கும்போது தன் மதிப்பையே திரும்ப எழுதும். எஸ்என்டி-எச்டிஏ-இன்டெல்லின் பேட்ச் ஆப்ஷனில் ஒரு கோப்பைக் காட்டி, அதன் வெர்ப் பகுதியில் இந்த 19, 707, 24 வரியை எழுதுங்கள்.

கேள்வி: ஹெட்போன் பாடுகிறது, ஸ்பீக்கர் ஊமை.

பதில்: ஸ்பீக்கர் பின்னுக்கு எஃப்0சி அனுப்புங்கள். பதிலில் 2 இல்லையென்றால் வெளி ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் பகுதி) அணைந்திருக்கிறது. 70சி, மதிப்பு 02 அனுப்புங்கள். அதுவும் சரியாக இருந்தால் பின்-கன்ட்ரோலில் 40 (அவுட்புட்) இருக்கிறதா, மியூட் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். புதிய லேப்டாப் சிலவற்றில் ஆம்ப் தனிச் சிப், ஐ2சி என்ற வேறு இணைப்பு வழியாக இயங்கும். அதற்கு எந்த வெர்பும் எட்டாது, கெர்னல் ஆதரவுதான் வேண்டும்.

கேள்வி: வேறு மாடலுக்குப் போட்ட 500, 400 வரிகளை என் ரியல்டெக் கோடெக்கில் போடலாமா அண்ணா?

பதில்: வேண்டாம். 500 சிப்பின் உள் ரெஜிஸ்டரை (அமைப்பு மதிப்பு இருக்கும் இடம்) தேர்ந்தெடுக்கும், 400 அதில் எழுதும். அந்த ரெஜிஸ்டர்களின் பொருள் சிப்புக்குச் சிப் மாறும். முதலில் படிக்கும் வெர்பான சி00 அனுப்பிப் பழைய மதிப்பைக் குறித்துக்கொள்ளாமல் எதையும் எழுதாதீர்கள். ஒவ்வொரு முறை படிக்கும் முன்னும் 500 கொண்டு ரெஜிஸ்டர் எண்ணை மறுபடி குறிக்க வேண்டும். சில சிப்புகளில் அது தானாக அடுத்த எண்ணுக்கு நகர்ந்துவிடும்.