மலையேறும்போது ‘பட் பட்’: சைலன்சர் மேல் பழி போடாதீர்கள்

கேள்வி: என்னுடையது 2015 பெட்ரோல் கார், நாலு சிலிண்டர், 92,000 கி.மீ. ஓடியது. செகண்ட் ஹேண்டில் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. ஊருக்குள் ஒரு குறையும் இல்லை. திம்பம் மலையில் ஏறும்போது ஆக்சிலேட்டரை அழுத்தினால் பின்னாலிருந்து ‘பட்... பட்’ என்று வெடிக்கிறது, வண்டியும் இழுப்பதில்லை. மஞ்சள் இன்ஜின் விளக்கு இரண்டு முறை மின்னி மின்னி அணைந்தது. மெக்கானிக் சைலன்சர் போய்விட்டது என்று புதிதாக மாட்டினார். சத்தம் அப்படியே இருக்கிறது. என்ன செய்யலாம்? (வாசகர், கோபிச்செட்டிபாளையம்)

பதில்: சத்தம் சைலன்சர் வழியாக வெளியே வருகிறது, அவ்வளவுதான். கோளாறு முன்னால், பானெட்டுக்குள் இருக்கிறது. நீங்கள் எழுதியதில் இரண்டு விஷயம் அதைக் காட்டிக்கொடுக்கிறது. சமதரையில் இல்லாத சத்தம் ஏற்றத்தில் மட்டும் வருகிறது. விளக்கு நிலையாக எரியாமல் மின்னியிருக்கிறது. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் போகிறது என்று கம்ப்யூட்டர் கண்டுபிடித்தால்தான் பெரும்பாலும் அந்த விளக்கு மின்னும். பட்டறையில் ‘மிஸ்ஸிங்’ என்பார்களே, அதுதான்.

ஏற்றத்தில் மட்டும் ஏன்? மிதிக்க மிதிக்க சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் அதிகமாக நிரம்பும். அமுக்கம் கூடினால் பிளக் முனையில் பொறி தாவுவதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும். பிளக் தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தாலோ, அந்த வோல்டேஜைக் கொடுக்கும் காயில் பலவீனமாக இருந்தாலோ, சும்மா உருட்டும்போது சமாளித்துவிடும். 27 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது கைவிட்டுவிடும். எரியாத பெட்ரோல் அப்படியே வெளியேறி, பழுக்கச் சூடான குழாய்க்குள் போய்ப் பற்றிக்கொள்கிறது. அதுதான் நீங்கள் கேட்ட ‘பட்’.

முதல் வேலை, பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது. இன்ஜின் நன்றாக ஆறியபிறகு கழற்றச் சொல்லுங்கள். அலுமினிய ஹெட், சூட்டோடு திருகினால் மரை போய்விடும். செகண்ட் ஹேண்ட் வண்டி என்பதால் பிளக் எப்போது மாற்றியது என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. சாதாரண நிக்கல் பிளக் 30,000 முதல் 40,000 கி.மீ. வரை தாங்கும். இரிடியம் என்றால் லட்சத்தை நெருங்கலாம். முனையை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடாதீர்கள். வெள்ளைப் பீங்கான் பகுதியைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பென்சிலால் கோடு போட்டதுபோல் மெல்லிய கருப்பு வரி மேலிருந்து கீழே ஓடினால், பொறி முனைக்குப் போகாமல் பக்கவாட்டில் நழுவிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட பிளக்கையும் அதன்மேல் இருந்த ரப்பர் உறையையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை விட்டால் மற்றது மறுபடி கெடும்.

பிளக் உட்காரும் குழிக்குள்ளும் டார்ச் அடியுங்கள். எண்ணெய் தேங்கியிருந்தால் டேப்பட் கவர் (இன்ஜினின் மேல்மூடி) பேக்கிங் போய்விட்டது. தண்ணீர் இருந்தால், வாட்டர் சர்வீஸில் பானெட்டுக்குள் பீய்ச்சி அடித்திருப்பார்கள். (இன்ஜின் பளபளக்க வேண்டும் என்ற ஆசையில் காயிலைப் பறிகொடுத்தவர்கள் நிறையப் பேர்.)

அடுத்தது காயில். இதைச் செலவே இல்லாமல் சோதிக்கலாம். ஸ்கேனர் போட்டால் கோளாறு எண்ணாக பி0301 முதல் பி0304 வரை ஏதாவது ஒன்று வரும். கடைசி எண்தான் சிலிண்டர். பி0302 என்று வந்தால் இரண்டாவது சிலிண்டரின் காயிலை மூன்றாவதில் மாற்றி மாட்டி, பழைய கோளாறு எண்ணை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பி0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக்கையும் அதேபோல் இடம் மாற்றுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர், சிலிண்டரின் அமுக்கம் (கம்ப்ரஷன்) என்று உள்ளே போக வேண்டியதுதான். இந்தச் சோதனைக்கு மலைவரை போக வேண்டாம். ஆளில்லாத நேர்ச்சாலையில் நாலாவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் வைத்து, சில விநாடி முழுசாக மிதியுங்கள். திம்பம் கோபிக்கே வந்துவிடும். விளக்கு மின்னினால் உடனே காலை எடுத்துவிடுங்கள்.

பிளக்கும் காயிலும் சரி, ஆனாலும் சத்தம் என்றால் அது எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். முன்பக்கம், ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ‘டப்’ என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. வேக்குவம் குழாய் வெடித்திருக்கலாம், பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம் அல்லது பெட்ரோல் ஃபில்டர் அடைத்திருக்கலாம். பெட்ரோல் அழுத்தத்தை பிரஷர் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘டிக் டிக்’ என்று அடித்து, சூடானதும் அடங்கினால் எக்ஸாஸ்ட் மானிஃபோல்டு பேக்கிங். ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டு கிளம்பும்போது மட்டும் ‘டக் டக்’ என்றால் அது இன்ஜினே இல்லை, ஆக்சில் ஜாயின்ட்.

டேங்கில் ஊற்றும் ‘க்ளீனர்’ பாட்டில்களை இப்போது வாங்காதீர்கள். அகன்ற பிளக்கை எந்தத் திரவமும் குறுக்காது.

சரிசெய்யும்வரை மலைப்பக்கம் போக வேண்டாம். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்தால், உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் உருகி அடைத்துக்கொள்ளும். பிளக் செட்டின் விலை எங்கே, அதன் விலை எங்கே! வண்டி ஆறியபின் அதை ரப்பர் சுத்தியால் மெதுவாகத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே கலகலவென்று உருண்டால் அதுவும் போயாயிற்று.

அப்புறம், கழற்றிய பழைய சைலன்சரை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஓட்டையோ துருவோ இல்லையென்றால் பத்திரமாக வீட்டில் வையுங்கள். இப்போது மாட்டியிருப்பது பழையதாகிற நாளில் உதவும்.