மலை ஏறினால் மகனுக்கு வாந்தி, கையில் பத்து மாதக் குழந்தை: கொடைக்கானல் போகலாமா?

கேள்வி: நாங்கள் திருச்சியில் இருக்கிறோம். மகனுக்கு 4 வயது, மகளுக்கு 10 மாதம். மே மாதம் சொந்தக் காரில் கொடைக்கானல் போக அறை எடுத்துவிட்டோம். போன வருடம் ஏற்காட்டுக்குப் போனபோது, கொண்டை ஊசி வளைவுகளில் மகன் நான்கு முறை வாந்தி எடுத்துத் துவண்டுவிட்டான். ராத்திரி 2 மணிக்குக் கிளம்பினால் தூங்கிக்கொண்டே வந்துவிடுவான் என்கிறார் கணவர். தூக்க சிரப் கொடுத்துக் கூட்டிப் போகச் சொல்கிறார் நாத்தனார். இந்த வயதுக் குழந்தையோடு மலையே வேண்டாம் என்கிறார் மாமியார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: போகலாம். பத்து மாதக் குழந்தை நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தால் கொடைக்கானல் உயரம் ஒரு தடையே இல்லை. சொல்லப்போனால் உங்கள் பயணத்தில் சின்னவளால் பெரிய தொந்தரவு இருக்காது. இரண்டு வயதுக்குள் பயண வாந்தி அபூர்வம். பார்த்துக்கொள்ள வேண்டியது பெரியவனைத்தான்.

கணவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. தூங்கும் பிள்ளைக்குக் குமட்டல் குறைவுதான். ஆனால் ராத்திரி 2 மணிக்கு வண்டி எடுப்பவருக்கும் தூக்கம் வருமே. விடியற்காலையில்தான் கண் அசரும். அந்த நேரத்தில் நான்கு உயிர்களை வைத்து ஓட்ட வேண்டாம். காலை ஐந்தரை, ஆறு மணிக்குக் கிளம்புங்கள். திண்டுக்கல்லிலோ வத்தலகுண்டிலோ டிபன். ஒரு மணி நேரம் இறங்கி, கை காலை நீட்டி, குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு காட்ரோட்டில் மலை ஏறத் தொடங்குங்கள். எப்படியும் மதியத்துக்கு முன்னால் அறை தர மாட்டார்கள்.

அந்த டிபனில்தான் பாதி விஷயம் இருக்கிறது. வாந்தி வரும் என்று பயந்து பிள்ளையைப் பட்டினி போட்டுக் கூட்டிப் போகிறவர்கள் நிறைய. வெறும் வயிறு குமட்டலைக் கூட்டும். இரண்டு இட்லி, கொஞ்சம் சர்க்கரையோ துவையலோ போதும். பூரி, வடை, பெரிய டம்ளர் பால், ஜூஸ் எதுவும் வேண்டாம். மலையில் ஏறும்போது கையில் கொஞ்சம் பொரியோ பிஸ்கட்டோ கொடுங்கள்.

வாந்தி ஏன் வருகிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு, 'வண்டி வளைகிறது, ஏறுகிறது' என்று மூளைக்குச் சொல்கிறது. கண்ணோ முன் சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டு, 'எதுவும் அசையவில்லை' என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் வயிறு புரட்டுகிறது. அதனால் மலைப்பாதையில் கையில் போன் கொடுக்காதீர்கள், படப் புத்தகமும் வேண்டாம். உயரம் கூட்டும் பூஸ்டர் இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார வைத்தால் அவனுக்குச் சாலை தெரியும். தூரத்து மலையைக் காட்டிப் பேசுங்கள். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். டாஷ்போர்டில் இருக்கும் வாசனை டப்பாவை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். உங்கள் தலையில் இருக்கும் மல்லிகைச் சரமும் அன்றைக்கு வேண்டாமே. மூடிய காரில் அந்த வாசனையே சில பிள்ளைகளுக்குப் புரட்டும்.

வாந்திக்கு முன்பே அறிகுறிகள் தெரியும். தொணதொணவென்று பேசிக்கொண்டு வந்தவன் திடீரென்று அமைதியாவான். கொட்டாவி விடுவான், எச்சிலை விழுங்கிக்கொண்டே இருப்பான், உதட்டைச் சுற்றி வெளுக்கும். அந்த நேரத்தில் 'இன்னும் கொஞ்ச தூரம்தான்' என்று ஓட்டாதீர்கள். பாதுகாப்பான இடம் வந்ததும் நிறுத்தி, பத்து நிமிடம் நடக்க விடுங்கள். டம் டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை என்று வழியில் நிற்க இடங்கள் உண்டு.

அப்படியும் எடுத்துவிட்டால், வாயைக் கொப்பளிக்கவைத்துப் பத்து நிமிடம் கழித்து ஓ.ஆர்.எஸ். கரைசலை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். பெரிய பாக்கெட் என்றால் முழுசாக ஒரு லிட்டர் நீரில், சிறியது என்றால் 200 மில்லியில் கரைக்க வேண்டும். பாதிப் பாக்கெட்டைக் கண்ணளவில் கலக்கக் கூடாது. அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நம்பி வாங்காதீர்கள். அந்தப் பெயரையே பானங்களில் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடை போட்டது. பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவன முறைப்படி என்று இருக்கிறதா பாருங்கள்.

தூக்க சிரப் வேண்டவே வேண்டாம். அந்த வகையில் பலரும் கொடுக்கும் புரோமெத்தசைன் இரண்டு வயதுக்குள் மூச்சையே அடக்கிவிடக்கூடியது. வீட்டில் பாட்டில் இருந்தால் அவசரத்தில் சின்னவளுக்கும் ஒரு மூடி ஊற்றிவிடுவார்கள், அதுதான் என் பயம். பெரியவனுக்குப் பயண வாந்தி மருந்து தேவை என்றால் குழந்தை மருத்துவரிடம் எடை பார்த்து எழுதி வாங்குங்கள். மலை ஏற அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் கொடுக்க வேண்டும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு வீட்டில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். சில பிள்ளைகள் தூங்குவதற்குப் பதில் துள்ளிக் குதிப்பார்கள். வயிற்றுப்போக்கோடு வரும் வாந்திக்குக் கொடுத்த ஒண்டான்செட்ரான் மிச்சம் இருக்கிறதே என்று எடுத்துப் போகிறார்கள். அது பயண வாந்திக்குப் பலன் தராது.

சின்னவளை மடியில் வைத்துப் போகாதீர்கள். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் சட்டென்று பிரேக் போட்டால், எட்டு கிலோ குழந்தையை எந்த அம்மாவின் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. பின்சீட்டில், பின்பக்கம் பார்த்தபடி பொருத்தும் குழந்தை இருக்கை வாங்குங்கள். விலை அதிகம் என்று தோன்றும், வாடகைக்கும் கிடைக்கிறது. ஏர்பேக் இருக்கும் முன்சீட்டில் அதை வைக்கவே கூடாது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம். பால் கொடுக்க வண்டியை நிறுத்துங்கள். மலையில் காது அடைத்து அழுவாள். நிறுத்திப் பால் கொடுத்தால் உறிஞ்சி விழுங்கும்போது அடைப்பு விட்டுவிடும்.

பவுடர் பாலை முன்கூட்டியே கலந்து எடுத்துப் போகாதீர்கள். அளந்த பவுடர் உலர்ந்த டப்பியில், கொதிக்க வைத்த நீர் பிளாஸ்கில், தனித்தனியாக இருக்கட்டும். சூடான நீரில் கலக்கி, ஆற்றிக் கொடுங்கள். கலந்து 2 மணி நேரத்துக்குள் குடிக்காததைக் கொட்டிவிடுங்கள். கொடைக்கானலில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் ஸ்டீல் பாட்டில்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இ-பாஸும் பதிவு செய்ய வேண்டும், 2024 மே முதல் அது கட்டாயம்.

காய்ச்சல் மருந்தை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். ஒரு குடும்பம் மலையிலிருந்து ராத்திரி எனக்குப் போன் செய்தது. குழந்தைக்கு எப்போதும் 5 மில்லி பாராசிட்டமால் கொடுப்பார்கள். அது 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப். அங்கே கடையில் கிடைத்தது சொட்டு மருந்து, ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். வழக்கம்போல 5 மில்லி ஊற்றப் போகும்போது அந்த அம்மாவுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. நல்லவேளை. ஊற்றியிருந்தால் நான்கு மடங்கு. ஆகவே மில்லியை மட்டும் நினைவில் வைக்காமல் லேபிளைப் பாருங்கள். ஒரு வேளைக்கு, எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம். நாளைக்கு 4 வேளைக்கு மேல் கூடாது. உங்கள் இரண்டு பிள்ளைகளின் அளவையும் மருத்துவரிடம் கேட்டு பாட்டிலிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

அப்புறம், கொடைக்கானலில் எங்கு பார்த்தாலும் மலைத்தேன் விற்பார்கள். வாங்குங்கள், ஆனால் ஒரு வயது முடியும்வரை சின்னவளின் நாக்கில் ஒரு சொட்டுக்கூட வைக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதை பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும். மாமியாரிடம் இதைக் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். ராத்திரி குளிருகிறது என்று அறைக்குள் கரி அடுப்பு வைத்து ஜன்னலைச் சாத்திக்கொள்ளாதீர்கள், அந்தப் புகை தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். இரண்டு மூன்று அடுக்குத் துணியும் குல்லாவும் போதும்.

இறங்கும் நாளிலும் இதே இட்லி, இதே ஜன்னல், இதே பத்து நிமிட நிறுத்தம். இறக்கத்தில் பிரேக் அதிகம் போடுவதால் சில பிள்ளைகளுக்கு ஏறும்போதைவிட அதிகமாகவே குமட்டும். கணவரிடம் சொல்லுங்கள், குறைந்த கியரில் நிதானமாக இறக்கட்டும்.