ஸ்காபரோவில் சிறிய சாப்பாட்டுக்கடை, சங்க மண்டபம் இரண்டிலும் சக்கர நாற்காலி வசதி செய்ய உதவிப்பணம் கிடைக்குமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில், ஒரு பிளாசாவில் (கடைத்தொகுதியில்) வாடகைக்கு எடுத்த சிறிய சாப்பாட்டுக்கடை, வாசலில் ஒரு படி, உள்ளே ஒடுங்கிய வாஷ்ரூம். அதோடு உங்கள் ஊர்ச்சங்கத்தின் மண்டபத்தில் மேடைக்கு ஏற வழியில்லை. இரண்டையும் திருத்த அரசிடம் பணம் கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் கடைக்கு ஒரு வழி, மண்டபத்துக்கு வேறு வழி. நான் இரண்டிலும் அலைந்து பார்த்தவள். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து சக்கர நாற்காலிக்கு மாறிய வருடத்தில்தான் எங்கள் கடை வாசலில் ஒரு படி இருப்பதே என் கண்ணில் பட்டது. அதற்கு முன் ஒன்பது வருடம் தினமும் அதன்மேல் ஏறித்தான் கடையைத் திறந்தேன்.

முதலில் கடை. சிறிய வேலைக்கு மானியம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். விண்ணப்பம் எப்போது திறக்கும் என்று பார்த்து, எழுதி அனுப்பி, பதில் வரும்போது ஒரு வருடம் ஓடிவிடும். ஒற்றைப் படிக்கு அவ்வளவு காலம் தேவையில்லை. ரொறன்ரோவில் லூக் ஆண்டர்சன் என்ற பொறியியலாளர் 2002இல் மலைச் சைக்கிள் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்தவர். நகரத்துக் கடைகள் பல ஒரே ஒரு படியால் தனக்கு மூடிக்கிடப்பதைப் பார்த்து, நண்பர்களோடு சேர்ந்து 2011இல் 'ஸ்டொப்காப்' என்று ஒரு வேலையைத் தொடங்கினார். ஒட்டுப்பலகையில் செய்த சின்ன ராம்ப், அதாவது சரிவுப் பலகை. மஞ்சள், சிவப்பு, நீலம் என்று பளிச்சென்ற நிறம். ஒரு பக்கம் கயிறு. ஆள் வரும்போது வெளியே வைக்கலாம், கடை பூட்டும்போது கயிற்றைப் பிடித்து உள்ளே இழுத்துவிடலாம். பலகையும் பெயின்ரும் பெரும்பாலும் நன்கொடை, உழைப்பு தொண்டர்களுடையது. நகரத்தில் எங்காவது நிறமடித்த ராம்ப் ஒன்றை வாசலில் பார்த்திருப்பீர்கள். அது அவர்களுடையதாக இருக்கும்.

அது ஒரு தற்காலிக வழி என்று அவர்களே பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். ஒழுங்கான சரிவு என்றால் ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் வேண்டும். எங்கள் படி ஆறரை அங்குலம். அப்படியானால் ஆறரை அடி நீளம், நடைபாதையை மறித்து நிற்கும். நிரந்தரமாகக் கட்டுவதென்றால் பிளாசா உரிமையாளரின் சம்மதம் வேண்டும், பொது நடைபாதையில் வருவதென்றால் நகரசபை அனுமதியும் வேண்டும். பலகை ராம்ப் அதைவிடக் கட்டையானது, செங்குத்தானது, பின்னால் ஒருவர் பிடித்துத் தள்ள வேண்டியிருக்கும். ஆனாலும் அதை எங்கள் வாசலில் வைத்த அன்றைக்கே அம்மா உள்ளே வந்தார். அதுவரை காருக்குள் இருந்தபடிதான் எங்கள் கடைத் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

பனிக்காலத்தைப் பற்றி ஒன்று. மணல் கலந்த வழுக்காத பெயின்ர் அடிக்காவிட்டால் டிசம்பரில் பலகை சறுக்கும். ஒவ்வொரு நாளும் தட்டித் துடைத்துத்தான் வைக்க வேண்டும். ராம்பை வெளியில் எடுத்து வைப்பது யாருடைய வேலை என்று ஒரு ஆளைப் பெயர் சொல்லி நியமியுங்கள். இல்லாவிட்டால் அது களஞ்சியத்தில் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய்விடும்.

எங்களுக்கு நிஜமான இழுபறி பணத்தில் வரவில்லை, கட்டட உரிமையாளரிடம் வந்தது. கதவை அகலமாக்கி, தானாகத் திறக்கும் பொத்தான் போடச் சம்மதம் கேட்டோம். மூன்று மாதம் பதில் இல்லை. பிறகு, "யாராவது விழுந்தால் பொறுப்பு யார்?" என்று ஒரு வரி வந்தது. அப்போதுதான் சட்டத்தைப் படித்தேன். ஒன்ராறியோவில் 2005இல் வந்த மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் சட்டம், 2025க்குள் மாகாணம் முழுவதும் தடையற்றதாக வேண்டும் என்று இலக்கு வைத்தது. அதனால் எல்லாப் பழைய கட்டடங்களையும் திருத்தச் சொல்லியிருக்கிறது என்றுதான் நம்மவர் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கட்டடங்களைப் பொறுத்தவரை புதிதாகக் கட்டுவதும் பெரிதாகத் திருத்துவதும்தான் விதிகளுக்குள் வரும். 1970களில் கட்டிய பிளாசா அப்படியே இருந்துவிடலாம். இலக்கு வருடமும் வந்து போய்விட்டது, படிகள் அங்கேயே இருக்கின்றன. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு.

ஆனால் ஒன்ராறியோ மனித உரிமைக் கோவை என்ற சட்டம் வேறு. சேவை தருபவருக்கும் வாடகைக்கு விடுபவருக்கும், மாற்றுத்திறனாளிக்கு இடமளிக்கும் கடமை அதில் இருக்கிறது. முடியாது என்றால், தாங்கமுடியாத சிரமம் என்று நிரூபிக்க வேண்டும். அந்தச் சிரமத்தை அளக்கக் கோவை மூன்று விஷயங்களைத்தான் பார்க்கச் சொல்கிறது: செலவு, வெளியிலிருந்து கிடைக்கக்கூடிய நிதி இருந்தால் அது, உடல்நலமும் பாதுகாப்பும். நடுவில் இருப்பதைக் கவனியுங்கள். "காசில்லை" என்று சொல்வதற்கு முன், கிடைக்கக்கூடிய உதவியையும் கணக்கில் எடுக்க வேண்டும். இந்த மூன்றையும் எழுதி, எங்கள் காப்புறுதிக் கம்பனியின் கடிதத்தையும் சேர்த்து அனுப்பினேன். இரண்டு வாரத்தில் சம்மதம் வந்தது. சண்டை பிடிக்கவில்லை, மரியாதையாகத்தான் எழுதினேன்.

சரி, கதவுக்கான பணம். இங்கேதான் நம் சிறு வியாபாரிகள் தங்களுக்கு உரியதை எடுக்காமல் விடுகிறார்கள். கட்டடத் திருத்தச் செலவைச் சாதாரணமாக வரிக் கணக்கில் அந்த வருடமே முழுதாகக் கழிக்க முடியாது. வாடகை இடமென்றால் குத்தகைக் காலம் முழுவதற்கும் பரப்பிப் போட வேண்டும், சொந்தக் கட்டடமென்றால் வருடத்துக்கு நாலு, ஆறு சதவீதமாகத்தான் கழியும். ஆனால் கனடா வருமான வரிச் சட்டத்தின் 20ஆம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு. மாற்றுத்திறனாளிக்காகச் செய்யும் குறிப்பிட்ட திருத்தங்களைப் பணம் கட்டிய வருடமே முழுதாகச் செலவாகக் காட்டலாம். உள்ளும் புறமும் போடும் ராம்ப், கையால் அழுத்தித் திறக்கும் கதவுப் பொத்தான், சக்கர நாற்காலிக்காக மாற்றும் வாஷ்ரூம், கதவு, லிஃப்ட் எல்லாம் அடங்கும். காது கேளாதவர்களுக்கான ஒலிக்கருவி, கண்ணுக்குத் தெரியும் தீ எச்சரிக்கை விளக்கு, பிரெய்ல் பலகை போன்றவற்றுக்கும் இதேபோல ஒரு விதி இருக்கிறது. சுயதொழில் என்றால் டி2125 படிவத்தில் 9270 என்ற இலக்கத்தில் போடலாம். கம்பனியாகப் பதிந்திருந்தால் கணக்காளரிடம் "20(1)(கியூகியூ)" என்று எண் சொல்லியே கேளுங்கள். எங்கள் கணக்காளர் நல்லவர்தான், ஆனால் நான் கேட்கும்வரை இதைப் பார்த்திருக்கவில்லை. எச்எஸ்ரி (விற்பனை வரி) பதிவு இருந்தால் கொடுத்த 13 சதவீதமும் திரும்பி வரும்.

இது இலவசப் பணம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிறு கம்பனிக்கு ஒன்ராறியோவில் வரி ஏறத்தாழ 12 சதவீதம். 5,000 டொலர் செலவழித்தால் வரியில் 600 டொலர் அளவுதான் மிஞ்சும். அமெரிக்காவில் இருக்கும் என் மச்சாள் கணக்கைப் பார்த்தபோது பொறாமையாக இருந்தது. அங்கே 1990இலிருந்து ஒரு வரிச்சலுகை உண்டு. வருடத்துக்கு 10 லட்சம் டொலருக்கு மேற்படாத வருமானம், அல்லது 30 பேருக்கு மேற்படாத முழுநேர ஊழியர் உள்ள கடை என்றால், 250 டொலருக்கு மேல் 10,250 வரை செய்யும் அணுகல் செலவில் பாதியை, அதாவது 5,000 டொலர் வரை, கட்டவேண்டிய வரியிலிருந்தே குறைக்கலாம். படிவம் 8826. இதைவிட மேலே போகும் செலவுக்கு 15,000 டொலர் வரை கழிக்கும் இன்னொரு பிரிவும் இருக்கிறது. நியூஜேர்சியிலோ டெக்சாசிலோ கடை வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் கட்டாயம் கேட்டுப் பாருங்கள். கனடாவும் இப்படி ஒன்றைக் கொண்டுவர வேண்டும். ஒற்றைப் படிகளில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும் என்று நான் நம்புகிறேன்.

பணமே தேவைப்படாத வேலையும் இருக்கிறது. எங்கள் கடையில் மேசைகளுக்கு நடுவே போக முடியாததற்குக் காரணம் நாங்களே அடுக்கிவைத்த சோடாப் பெட்டிகள். அகலமாகக் கட்டிய வாஷ்ரூம் இருக்கும் கடைகளிலும் அதற்குள் துடைப்பமும் எண்ணெய் ரின்னும் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். முதலில் அதை ஒதுக்குங்கள்.

இனி மண்டபம். இங்கே நேர்மாறு: மானியத்துக்குக் கேளுங்கள், மானிய ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை ஓர் ஆணிகூட அடிக்காதீர்கள்.

பழைய மாணவர் சங்க விழா ஒன்றில் எண்பது தாண்டிய ஆசிரியை ஒருவரைக் கௌரவிக்க அழைத்திருந்தோம். மேடை மூன்றடி உயரம், ஐந்து படி. நான்கு பொடியன்கள் சக்கர நாற்காலியோடு அவரைத் தூக்கினார்கள். கவனமாகத்தான் தூக்கினார்கள். சபை முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. அவர் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பொன்னாடை போர்த்தும்போது படத்தில் சிரிக்கிறார். பிறகு காரில் ஏற்றிவிடும்போது என்னிடம், "விழுந்துவிடுவேன் என்று பயமில்லை பிள்ளை. இவ்வளவு சனமும் நான் தூக்குப்படுவதைப் பார்த்துக்கொண்டு நின்றது" என்றார். அடுத்த கூட்டத்தில் மேடைக்கு ஏற்றும் இயந்திரம் போடுவதென்று முடிவானது. அந்த வசனத்தை நான் கூட்டத்தில் அப்படியே சொன்னேன், வேறு விவாதம் தேவைப்படவில்லை.

கனடா அரசின் 'எனேபிளிங் அக்செஸிபிலிற்றி ஃபண்ட்' 2007இல் தொடங்கியது. சமூகக்கூடங்களுக்கும் வேலைத்தலங்களுக்கும் ராம்ப், கதவு, வாஷ்ரூம், லிஃப்ட் போன்றவற்றுக்குப் பணம் தருகிறது. இலாபநோக்கற்ற அமைப்புகள் மட்டுமல்ல, சிறு வியாபாரங்களும் கேட்கலாம். பல சுற்றுகளில் சிறிய திட்டத்துக்கு 100,000 டொலர் வரை கொடுத்திருக்கிறார்கள். தொகையும் நிபந்தனையும் சுற்றுக்குச் சுற்று மாறும், திறந்திருப்பது சில வாரம்தான். அறிவிப்பு வந்த பிறகு தயாராகத் தொடங்கினால் நேரம் போதாது. இளைஞர்களுக்கென்று தனிப் பிரிவும் நடத்தினார்கள். 15 முதல் 30 வயதுக்குள் உள்ளவர்கள் தங்கள் ஊரில் ஒரு தடையைக் கண்டுபிடித்து, ஓர் அமைப்போடு சேர்ந்து கேட்கலாம். அதில் 10,000 டொலர் வரை இருந்தது. சங்கத்து இளையோர் பிரிவிடம் இந்தப் பொறுப்பைக் கொடுங்கள். அவர்கள் ஆங்கிலத்தில் எழுதுவதும் நம்மைவிட நன்றாக இருக்கும்.

நம் சங்கங்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது: காகிதம். சங்கம் பதிவான நிறுவனமா? ஒன்ராறியோவின் புதிய இலாபநோக்கற்ற நிறுவனச் சட்டம் 2021 ஒக்டோபர் 19இல் நடைமுறைக்கு வந்தது. பழைய யாப்பை (சங்க விதிகளை) அதற்கேற்ப மாற்ற மூன்று வருட அவகாசம் கொடுத்தார்கள், அது 2024 ஒக்டோபரில் முடிந்தது. எங்கள் யாப்பு 1994இல் தட்டச்சில் அடித்தது. அதைத் திருத்திப் பொதுக்கூட்டத்தில் ஏற்கவே ஒரு குளிர்காலம் போனது. மண்டபம் தொழிற்பேட்டைக் கட்டடத்தில் ஒரு யூனிற் என்றால், யூனிற் உங்களுடையதாக இருந்தாலும் கட்டட நிர்வாக சபையின் எழுத்துச் சம்மதம் தேவைப்படலாம். கணக்கறிக்கை, ஒப்பந்தக்காரரின் விலை மதிப்பீடு, தடையின் படம், அளவு எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒரு கோப்பில் வைத்திருங்கள்.

மிக முக்கியமானது: ஒப்பந்தத்துக்கு முன் செய்த செலவைத் திருப்பித் தரமாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு சங்கம் தைப்பொங்கல் விழாவுக்குள் முடிக்க வேண்டும் என்ற ஆசையில் வாஷ்ரூமை முதலே இடித்துக் கட்டிவிட்டது. அந்தச் செலவு முழுவதும் அங்கத்தவர்கள் தலையில் விழுந்தது. நல்ல மனதோடு செய்தவர்கள், அதுதான் மனவருத்தம்.

ஒன்ராறியோ அரசின் ட்ரிலியம் அறக்கட்டளையின் மூலதன மானியத்தையும் பாருங்கள், அது சங்கம் போன்ற இலாபநோக்கற்றவர்களுக்கு உண்டு, கடைகளுக்கு இல்லை. விண்ணப்பத்தில் "சமூகத்துக்குப் பயன்படும்" என்று பொதுவாக எழுதாமல், வருடத்துக்கு எத்தனை நிகழ்ச்சி, முதியோர் ஒன்றுகூடல் எந்தக் கிழமை, எத்தனை பேர் வருகிறார்கள், மேடை எத்தனை அங்குலம், கதவு எத்தனை மில்லிமீற்றர் என்று எழுதுங்கள். ஒன்ராறியோ கட்டட விதியில் தடையற்ற கதவுக்கு 860 மில்லிமீற்றர் வெளி வேண்டும். எங்களுடையது 760. அந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினோம். விலை கேட்கும் முன், சக்கர நாற்காலியில் வரும் ஒருவரை மண்டபத்துக்கு அழைத்து ஒரு மணிநேரம் சுற்றிக்காட்டச் சொல்லுங்கள். அம்மா வந்து பார்த்த அன்று, நாங்கள் யோசித்திராத ஒன்றைக் காட்டினார்: வாஷ்ரூமில் கைகழுவும் தொட்டி எட்டியது, சவர்க்காரம் எட்டவில்லை.

உங்கள் கடைப் படியை அளந்து, எத்தனை அங்குலம் என்று கீழே எழுதுங்கள். உரிமையாளருக்கு நான் எழுதிய கடிதத்தையும் பெயர்களை எடுத்துவிட்டுத் தருகிறேன்.