63ஆம் செக்டரில் தொடங்கும் டிஸ்க்

கடிதம்: ஐயா, கல்முனையில் ஸ்டூடியோ நடத்துகிறேன். நான்கு 2 டிபி டிஸ்க்கில் ரெய்ட் 5 (ஒரு டிஸ்க் பழுதானாலும் தரவு தப்பும்படி டிஸ்க்குகளை இணைக்கும் முறை), அதன் மேல் எல்விஎம் (இடத்தை வால்யூம்களாகப் பிரிக்கும் மென்பொருள்), எக்ஸ்ட்4 கோப்புமுறை. படங்களை ஏற்றினால் இழுத்துக்கொண்டே கிடக்கிறது. எக்ஸ்எஃப்எஸ் கோப்புமுறைக்கு மாறட்டுமா? எஸ்எஸ்டி வாங்கட்டுமா? எஃப்டிஸ்க் (டிஸ்க்கின் பார்ட்டிஷன்களைக் காட்டும் கட்டளை) காட்டியதைக் கீழே ஒட்டியிருக்கிறேன்.

பதில்: தம்பி, எக்ஸ்எஃப்எஸ் கிடக்கட்டும், எஸ்எஸ்டிக்கு இப்போது காசைக் கொட்டவும் வேண்டாம். நீர் ஒட்டிய வரிகளை நீரே வாசித்தீரா? செக்டர் (டிஸ்க் தரவை வைக்கும் சிறு துண்டு) அளவு 512 / 4096 பைட்: முதலாவது கணினிக்குச் சொல்வது, இரண்டாவது உண்மையானது. கொஞ்சம் கீழே, பார்ட்டிஷனின் தொடக்கம் 63. நோய் அங்கேதான் இருக்கிறது.

ஒரு ட்ராக்குக்கு (தட்டின் ஒரு வட்டத்துக்கு) 63 செக்டர் என்று எண்ணிய காலத்தின் மிச்சம் அந்த எண். உமது டிஸ்க்கின் உண்மையான செக்டர் 4096 பைட், அதாவது எட்டு சின்ன செக்டர். 63ஐ எட்டால் வகுத்தால் மீதி 7. எனவே ஒவ்வொரு 4 கேபி பிளாக்கிலும் முதல் 512 பைட் ஒரு செக்டரின் வாலில் விழும், மற்ற ஏழும் அடுத்த செக்டரில் விழும். தனியாக ஒரு பிளாக்கை எழுத, டிஸ்க் இரண்டையும் வாசித்து, திருத்தி, தட்டு மறுபடி சுற்றி வரும்வரை காத்திருந்து எழுத வேண்டும். 7200 சுழற்சியில் ஒரு சுற்று 8.3 மில்லிசெக்கன். வயல் வட்டையில் முதல் வரம்பு விலகினால் மற்ற வரம்பெல்லாம் விலகும். மேலே எந்தக் கோப்புமுறை போட்டாலும் இது மாறாது.

தொடக்கத்தை மட்டும் 2048 என்று திருத்திவிடாதேயும்! தரவு பழைய இடத்திலேயே கிடக்க, பார்ட்டிஷன் அட்டவணை வேறு இடத்தைக் காட்டும். முதலில் எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் நகலெடுத்து, திறந்தும் பாரும். பிறகு பார்ட்டட் என்ற பிரிக்கும் கருவியில் 1 எம்ஐபியில் (2048ஆம் செக்டரில்) தொடங்கி, ரெய்டைப் புதிதாகக் கட்டும்.

அடுத்தது ஸ்ட்ரைப், அதாவது எல்லா டிஸ்க்கிலும் குறுக்காக விழும் ஒரு வரிசைத் தரவு. ரெய்டைக் கட்டும் எம்டிஅட்மின் தானாகப் போடும் சங்க் (ஒரு வரிசையில் ஒரு டிஸ்க்குக்குப் போகும் துண்டு) 512 கேபி. நான்கு டிஸ்க் ரெய்ட் 5இல் தரவுக்கு மூன்று, ஆக 1536 கேபி. எல்விஎம் இடம் ஒதுக்கும் துண்டான எக்ஸ்டென்ட் 4 எம்பி, அதாவது 4096 கேபி. அது 1536ஆல் வகுபடாது, வால்யூம் ஒரு ஸ்ட்ரைப்பின் நடுவில் தொடங்கிவிடலாம். ஆகவே ஒவ்வொரு வால்யூமையும் 12 எம்பியின் மடங்காக வெட்டும். 4 டிபி போதுமென்றால் மூன்று டிஸ்க்கில் ரெய்ட் 5 போட்டு, நான்காவதை ஸ்பேராக (ஒன்று பழுதானால் மாற்ற) விடும். அப்போது ஸ்ட்ரைப் 1024 கேபி, கணக்கு தானாக வகுபடும்.

முடிந்ததும் பார்ட்டடில் அலைன்-செக் ஆப்டிமல் 1 அடியும்; முதல் பார்ட்டிஷன் சரியான இடத்தில் தொடங்குகிறதா என்று அது சொல்லும். ஒரு டிஸ்க்கோடு நிறுத்தாமல் எல்லாவற்றிலும் அடியும். ஒன்று பிசகியிருந்தாலும் மற்ற டிஸ்க்குகள் அதற்காகக் காத்து நிற்கும்.